சபதத்தால் உடல்நலம் நிலைக்குமா?

ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் நமது விடுதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். அதிகாலை ஐந்தரை மணிக்கு இருபது, முப்பது பேர் மைதானத்தைச் சுற்றி ஓடுவர். சிலருடைய சப்பாத்துகள் அன்றுதான் பெட்டியிலிருந்து வெளிவந்தவை. ஒருவர் இனிமேல் சீனியைத் தொடுவதில்லை என்பார். இன்னொருவர் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ எடையைக் குறைத்துக் காட்டுவதாகப் பந்தயம் பிடிப்பார். மூன்றாம் வாரத்தில் அம்முப்பது பேர் பத்துப் பேராகக் குறைவர். பரீட்சை அட்டவணை அறிவித்தற் பலகையில் ஏறும் நாளில் மைதானம் காகங்களுக்கு உரியதாகிவிடும்.

இதற்கு நாம் வழமையாகக் கூறும் விளக்கம் ஒன்றுண்டு. "அவர்களுக்கு மனவுறுதி போதாது" என்பதே அது. ஓடுவதை விட்டவரும் இதனையே தம்மைப்பற்றிக் கூறிக்கொள்வார். விடாது ஓடுபவரும் சற்றுப் பெருமிதத்துடன் இதனையே கூறுவார். இக்கட்டுரை மறுக்க முனைவது இவ்விளக்கத்தையே. உடல்நலம் உறுதியின் வெப்பத்தால் நிலைப்பதன்று; வழக்கத்தால் நிலைப்பது. வழக்கமோ சபதத்தாற் பிறப்பதன்று; வாழ்க்கையின் ஒழுங்கமைப்பாற் பிறப்பது. இதனை உணராதவரை நாம் ஆண்டுதோறும் சபதம் செய்வோம், ஆண்டுதோறும் தோற்போம், ஒவ்வொரு தோல்வியின் பின்னும் நம்மை நாமே இழிவாக எண்ணிக்கொள்வோம்.

இதனை நான் நூல்களிற் கற்பதற்கு முன்னரே ஒரு வீட்டிற் கண்டேன். எனது தாய்மாமன் வடமராட்சிக் கிராமமொன்றிற் பிறந்த ஆசிரியர். முப்பது ஆண்டுகளாக நாளொன்றுக்குப் போக வர ஏறத்தாழ 16 கிலோமீற்றர் துவிச்சக்கரவண்டியிற் பாடசாலைக்குச் சென்றவர். அதனை அவர் ஒருநாளாவது உடற்பயிற்சி என்று அழைத்ததில்லை. ஓய்வு பெற்றபின் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். சில ஆண்டுகளிற் சலரோகம் கண்டது. நடக்குமாறு வைத்தியர் கூறினார். மாமா சபதம் செய்தார். நாள்தோறும் ஆறு கிலோமீற்றர் நடந்தார். மூன்று மாதத்தில் இரத்தத்திற் சீனியின் அளவு குறைந்தது, ஊரே மெச்சியது. பின்னர் மாரி வந்தது, ஒரு வாரக் காய்ச்சல் வந்தது, நடை நின்றது. காய்ச்சல் மாறிய பின்னும் அவர் மீண்டும் தொடங்கவில்லை. தொடங்குவதாயின் அந்த ஆறு கிலோமீற்றரையே தொடங்கவேண்டும் என்று எண்ணினார். அதற்கு உடல் இடங்கொடுக்கவில்லை. குறைத்து நடப்பதற்கு மானம் இடங்கொடுக்கவில்லை. நான்காண்டுகளின் பின் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாது போயிற்று. முதலில் இரண்டு விரல்களை எடுத்தனர். பின்னர் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தனர்.

மழையிலும் வெயிலிலும் முப்பது ஆண்டுகள் வண்டி மிதித்த மனிதருக்கு மனவுறுதி இல்லை என்று கூற எவருக்கு வாய் வரும்? அவர் வண்டி மிதிப்பதற்குச் சபதம் செய்ததேயில்லை, அது நிலைத்தது. நடப்பதற்குச் சபதம் செய்தார்; அது மூன்று மாதத்திற் சிதைந்தது. மனிதர் ஒருவரே. மாறியது அவரது நாளின் ஒழுங்கு. பாடசாலை மணி அவரை வண்டியில் ஏற்றியது. ஓய்வுக்குப்பின் அவரை எழுப்புவதற்கு எந்த மணியும் இருக்கவில்லை.

இது ஒரு குடும்பத்தின் துயரம் மாத்திரமன்று. இலங்கையில் 2005–2006 காலப்பகுதியில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்ததெனவும், நீரிழிவும் அதற்கு முந்திய நிலையும் சேர்ந்து ஏறத்தாழ ஐவரில் ஒருவரைப் பற்றியிருந்தனவெனவும் காட்டிற்று. நோய் கண்டிருந்தவர்களில் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் அதனை அறியாதே இருந்தனர். மறுபுறத்தில், இந்நோய் தடுக்கக்கூடியது என்பதற்கும் சான்றுண்டு. நீரிழிவின் வாயிலில் நின்றோரிடையே ஐக்கிய அமெரிக்காவில் நடைபெற்று 2002 இல் வெளியான பெரும் ஆய்விலே, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும் மிதமான எடைக்குறைப்பும் நோய் தோன்றுவதை 58 சதவீதத்தாற் குறைத்தன. மெற்போமின் என்னும் மாத்திரை 31 சதவீதத்தாலேயே குறைத்தது. சென்னையை மையமாகக் கொண்டு நடைபெற்று 2006 இல் வெளியான இந்திய ஆய்வில், வாழ்க்கைமுறை மாற்றத்தால் வந்த குறைப்பு 28.5 சதவீதமாகும். மாத்திரையை வெல்லக்கூடிய, அல்லது அதற்கு நிகராக நிற்கக்கூடிய மருந்தொன்று நமது கால்களிலேயே உள்ளது. ஆயின் அது நாள்தோறும் உட்கொள்ளவேண்டிய மருந்து. கேள்வி நாள்தோறும் என்பதைப் பற்றியதே.

இவ்விடத்திற் பழைய ஆய்வொன்றை நினைவுகூர்தல் தகும். 1953 இல் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ்களில் வேலைசெய்தோரை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுவதும் அமர்ந்திருந்த சாரதிகளை விட, படியேறி இறங்கிப் பற்றுச்சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு இதயநாடி நோய் குறைவாகவே கண்டது. சாரதிகள் வேலையிற் சேரும்போதே சற்றுப் பருமனாக இருந்தனர் என்பதை, சீருடைகளின் இடுப்பளவைக் கொண்டு 1956 இல் மோரிஸே எடுத்துக்காட்டினார். எனினும், ஒத்த உடலமைப்புடையோரை ஒப்பிட்டபோதும் நடத்துநர்களே பாதுகாப்பான நிலையில் இருந்தனர். நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. அந்நடத்துநர்களில் எவரும் இதயத்தைக் காக்கச் சபதம் செய்தவரல்லர். பஸ்ஸுக்கு மேற்றட்டு இருந்தது, ஆதலால் ஏறினர்.

சபதவாதிகளுக்கு மிக விருப்பமான எண் ஒன்றுண்டு. இருபத்தொரு நாள் ஒன்றைச் செய்தால் அது பழக்கமாகிவிடும் என்பர். இவ்வெண் பரவியது, மக்ஸ்வெல் மோல்ற்ஸ் என்னும் அமெரிக்க ஒட்டறுவைச் சிகிச்சை வைத்தியர் 1960 இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாகும். அவர் கூறியது, மாறிய முகத்துக்குத் தம் நோயாளர் பழகக் குறைந்தது ஏறத்தாழ அத்தனை நாள் எடுத்தது என்னும் அவதானிப்பையே. பின்வந்தோர் அதனை விதியாக்கினர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளரும் 96 பேரைக் கொண்டு நடத்தி 2010 இல் வெளியிட்ட ஆய்விலே, ஒரு செயல் தன்னியல்பாக நிகழ்வதற்கு எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாளாக இருந்தது. ஆளுக்காள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. அவ்வாய்வின் இன்னொரு முடிவு இதனினும் முக்கியமானது: இடையில் ஒருநாள் தவறவிடுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கவில்லை. இருபத்திரண்டாம் நாளிற் சோர்ந்தவர் கோழையல்லர். தவறான கணக்கை நம்பியவர். ஒருநாள் தவறிய மாமா தோற்றவரல்லர், தோற்றுவிட்டதாகக் கற்பிக்கப்பட்டவர்.

இனி மாற்றுக் கருத்துகளை நோக்குவோம். முதலாவது, "பரீட்சை முடியட்டும்" என்பது. மூளைக்கு உழைப்பவனுக்கு உடல் பின்னர் பார்த்துக்கொள்ளவேண்டிய விடயம் என்று கலைப்பீடத்தார் நாம் நீண்டகாலமாக நம்பி வந்துள்ளோம். 1966 இல் டலஸ் நகரில் இருபது வயதான ஐந்து இளைஞர் மூன்று வாரம் படுக்கையில் வைக்கப்பட்டு ஆராயப்பட்டனர். அவர்களே முப்பது ஆண்டுகளின் பின் மீண்டும் ஆராயப்பட்டபோது, உழைப்பைத் தாங்கும் ஆற்றலை முப்பது ஆண்டு மூப்புக் குறைத்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தமை தெரியவந்தது. பரீட்சைக்காலத்து நாற்காலி படுக்கைக்குச் சமமன்று. ஆயினும் அசையாமையின் விலை இளைஞனுக்கும் உண்டு என்பதை இது காட்டுகின்றது. இக்கதையின் மறுபாதி இன்னும் இனியது. ஐம்பது வயதில் ஆறுமாதப் படிப்படியான பயிற்சியால், மூப்பால் இழந்த அவ்வாற்றலை அவர்கள் மீட்டுக்கொண்டனர். திரும்பி வருவோருக்கு உடல் கதவை அடைப்பதில்லை.

இரண்டாவது கருத்து நமது முற்போக்கு நண்பர்களுடையது. உடல்நலத்தைத் தனிமனிதனின் பொறுப்பாக்குவது சமூகத்தின் பொறுப்பை மறைக்கும் தந்திரம் என்பர் அவர்கள். இதன் பெரும்பகுதியை நான் ஏற்கின்றேன். நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் தோட்டத் தொழிலாளப் பெண்ணிடம் உடற்பயிற்சியைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவருக்கு வேண்டியவை போதிய ஊதியமும் உணவும் ஓய்வுமே. இருள் கவியும் வேளையில் மைதானத்தில் நடக்கும் மாணவி கேலிக்கும் பார்வைக்கும் ஆளாகும்வரை, அவரது மனவுறுதியைப் பற்றிப் பேச நமக்கு அருகதையில்லை. ஆனால் இதிலிருந்து "சமூகம் மாறும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை" என்னும் முடிவுக்கு வருவோர் தமது வாதத்தைத் தாமே கைவிடுகின்றனர். வாழ்க்கையின் ஒழுங்கமைப்பே பழக்கத்தைப் படைக்கின்றதெனின், ஒழுங்கமைப்பை மாற்றுவதன்றோ செயல்? மைதானத்துக்கு விளக்குக் கேட்பதற்குப் புரட்சி வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

மூன்றாவது கருத்து வாயாற் கூறப்படுவதில்லை. சுவரொட்டிகளிலும் கைத்தொலைபேசித் திரைகளிலும் காட்டப்படுகின்றது. புடைத்த புயங்களும் ஒடுங்கிய இடைகளுமே உடல்நலம் என்பதும், அவற்றைத் தூளாகப் போத்தலில் அடைத்து வாங்கலாம் என்பதும் அதன் போதனை. கண்ணாடிக்காக ஓடுபவன் கண்ணாடி சலிக்கும் நாளில் நின்றுவிடுவான். கண்ணாடி மிக விரைவிற் சலிப்பது.

அப்படியாயின் நீடிக்கும் மனப்பாங்கு எத்தகையது? அது முதலிற் சிறுமைக்கு நாணாதது. மிக நல்ல நாளில் எவ்வளவு செய்யலாம் என்று கேளாது, மிக மோசமான நாளிலும் எவ்வளவு செய்யலாம் என்று கேட்டு, அதனையே தன் அளவாகக் கொள்வது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தோருக்கு வாரத்தில் 150 தொடக்கம் 300 நிமிடம் வரையான மிதமான உழைப்பையும், இரு நாளாவது தசைகளை வலுவூட்டும் பயிற்சியையும் பரிந்துரைக்கின்றது. 150 நிமிடம் என்பது நாளுக்கு ஏறத்தாழ 22 நிமிடமே. ஒரே தடவையிற் பத்து நிமிடமாவது தொடரவேண்டும் என்ற முன்னைய நிபந்தனையும் அவ்வாண்டிற் கைவிடப்பட்டது. நூலகத்துக்கு ஏறும் படிகளும் கணக்கில் அடங்கும்.

இரண்டாவதாக, அம்மனப்பாங்கு தன்னை நம்பாது; நாளின் ஒழுங்கை நம்பும். "நேரம் கிடைத்தால் நடப்பேன்" என்னாது, "கடைசி விரிவுரை முடிந்ததும் விடுதிக்குச் சுற்றுவழியால் நடப்பேன்" என்னும். மூன்றாவதாக, தவறிய நாளுக்காக அது அழுவதில்லை, மறுநாள் திரும்பிவிடும். எவ்வளவு ஆவேசமாகத் தொடங்கினான் என்பதைக் கொண்டன்று, எவ்வளவு அமைதியாகத் திரும்பினான் என்பதைக் கொண்டே ஒருவனது மனப்பாங்கை அளவிடல் வேண்டும். திருக்குறளின் 95 ஆம் அதிகாரத்துக்கு 'மருந்து' என்பது பெயர். அதன் பெரும்பகுதி பேசுவது உண்ட உணவு செரித்தபின் அளவறிந்து உண்பதையே. அங்கே வீரசபதம் எதுவுமில்லை. நாள்தோறும் நிகழும் ஒரு சிறு ஒழுங்கே மருந்தாகின்றது.

இறுதியாக நமது சங்கத்துக்கு ஒரு வார்த்தை. விவாதத்துக்கும் நாடகத்துக்கும் கவியரங்குக்கும் மாலைகளை ஒதுக்கும் நாம், உடலுக்கென ஒதுக்குவது ஆண்டுக்கொரு மெய்வல்லுநர் போட்டியையே. அங்கும் ஓடுவோர் பன்னிருவர்; கூச்சலிடுவோர் முந்நூறு பேர். வாரத்தில் ஒரு மாலை, பதக்கமும் பார்வையாளரும் இன்றி, கிளித்தட்டோ கரப்பந்தோ ஆட நாம் கூடலாகாதா? மாணவிகளும் அச்சமின்றி நடக்க மைதானத்துக்கு விளக்கிடுமாறு நிருவாகத்தைக் கேட்கலாகாதா? கூட்டங்களில் வழங்கும் தேநீரைச் சீனியின்றியும் வழங்கலாகாதா? விரிவுரையாளர்களும் இவற்றிற் பங்குகொள்ளலாம். அவர்களது நாற்காலிகள் நமது நாற்காலிகளிலும் பழையவை.

மாமா இப்போது செயற்கைக் காலுடன் நடக்கின்றார். பின்னேரத் தேநீர் குடித்ததும் படலையிலிருந்து ஒழுங்கை முகப்பு வரை போய் வருவார். மழையாயின் விறாந்தையிலேயே நாலு தரம் நடப்பார். சென்ற விடுமுறையில், இம்முறையாவது விடாது நடப்பதென்று சபதமா என்று கேட்டேன். "சபதமோ? அதெல்லாம் வேண்டாம் தம்பி. தேத்தண்ணி குடிச்சா நடக்கிறது, அவ்வளவுதான்" என்றார். ஒரு காலை விலையாகக் கொடுத்து அவர் கற்ற பாடம் அது. நமக்கு இரு கால்களும் இருக்கும்போதே அதனைக் கற்றுக்கொள்வோமாக.