'மின்கசிவு' என்பதோடு முடியும் விசாரணைகள்

தீ விபத்துச் செய்திகள் பலவும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகின்றன: 'மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது'. எந்த இணைப்பில், எதனால் அது நேர்ந்தது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் சூரிய மின்தகடுகள் அமைக்கும் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. குளிர்சாதனங்களும் மின்வாகன சார்ஜர்களும் பெருகிவருகின்றன. இந்தச் சூழலில் இக்கேள்வியைத் தள்ளிப்போட முடியாது.

மின்சாரம் செல்லும் தூரம் கூடினால் மின்னழுத்தம் குறையும். அதை ஈடுகட்டத் தடிமனான கேபிளைத் தேர்ந்தெடுப்பது சரியான முடிவே. சிக்கல் அதன் முனையில் இருக்கிறது. சுவிட்சின் முனையம் சிறிய கம்பிக்கென வடிவமைக்கப்பட்டிருக்கும். தடித்த கேபிள் அதனுள் நுழையாதபோது, 19 இழைகளில் நான்கைந்தை வெட்டிவிட்டுத் திணிப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது.

எஞ்சிய இழைகள் மின்சுமையைத் தாங்கக்கூடும். ஆனால், வடிவம் குலைந்த கம்பியைத் திருகு சீராக அழுத்துவதில்லை. அலுமினியக் கம்பியென்றால் ஆபத்து இன்னும் அதிகம். அதன்மீது படியும் ஆக்சைடு படலம் மின்சாரத்தைத் தடுக்கும். சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குவதால் பிடிப்பும் தளரும். இணைப்பில் ஒரு மில்லி ஓம் மின்தடை இருந்தால், 100 ஆம்பியரில் 10 வாட் வெப்பம் உண்டாகும். 200 ஆம்பியரில் அது 40 வாட் ஆகும். மின்னோட்டம் வரம்புக்குள்ளேயே இருப்பதால் பாதுகாப்புச் சாதனம் மின்சாரத்தைத் துண்டிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

தீர்வு அரிதானதன்று. கேபிளின் அளவுக்கேற்ற பின் வகை லக்கை உரிய கருவியால் அழுத்திப் பொருத்தலாம். அல்லது இணைப்புப் பெட்டியில் கேபிளை முடித்து, மின்சுமைக்குப் போதுமான சிறிய கம்பியை அங்கிருந்து கொண்டுசெல்லலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசையில் திருகை இறுக்குவதும் அவசியம்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் 2023-இல் புதுப்பிக்கப்பட்டன. எனினும், விதிகள் காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. மருத்துவமனை, பள்ளி, வணிக வளாகம் போன்ற இடங்களில், மின்சுமை உள்ள நேரத்தில் வெப்பப்படக் கருவியால் இணைப்புகளைச் சோதிப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் முனைய இணைப்பைத் தனித் திறனாகக் கற்பித்துத் தேர்வு நடத்த வேண்டும். விபத்து விசாரணை அறிக்கைகள் தீ தொடங்கிய இணைப்பைக் கண்டறிந்து பதிவுசெய்ய வேண்டும்.

காரணம் துல்லியமாகத் தெரியாதவரை, பொறுப்பும் எவரையும் சேராது. அந்த வசதியைத்தான் 'மின்கசிவு' என்ற சொல் இத்தனை காலம் அளித்துவந்திருக்கிறது.