இடுப்பில் எதைச் சொருகுவது?

“வெறுங்கையோட எப்படிண்ணா போறது?” சேரியில் கூட்டம் போடுகிற, இரவுப் பள்ளி நடத்துகிற எந்தத் தோழரும் இந்தக் கேள்வியைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது. பெரிய காஞ்சிபுரத்தில் தறி வேலை முடித்து, ஒரகடம் பக்கம் கம்பெனி ஷிப்ட் முடித்து, ராத்திரி பத்து மணிக்கு ஊர்த்தெரு வழியாகக் காலனிக்குத் திரும்புகிற பையன்கள் கேட்கிறார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து இருட்டில் நடந்து வருகிற பெண்பிள்ளைகளும் கேட்கிறார்கள். “வன்முறை கூடாது தம்பி” என்று சொல்லி வாயடைப்பது சுலபம். அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாதையில் அந்த நேரத்தில் நடக்காதவர்கள்.

இதில் என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தற்காப்பு நம் உரிமை; அதற்கு எவனிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. ஆனால் சட்டைக்குள் மறைத்துச் சொருகின கத்தி நம்மைக் காப்பாற்றாது, மாட்டிவிடும். எதை எடுத்துப் போவதானாலும் வெளிப்படையாக, காகிதத்தோடு, கூட்டாக எடுத்துப் போக வேண்டும்.

ஆயுதம் என்பது இந்த நாட்டில் பொருள் அல்ல, சாதி. காமாட்சியம்மன் கையில் கரும்பு வில் இருக்கிறது, பாசம் இருக்கிறது, அங்குசம் இருக்கிறது. லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. (கடவுளுக்கே ஆயுதம் இல்லாமல் முடியல, நமக்கு மட்டும் அகிம்சை!) சீக்கியர் கிர்பான் அணிவதையும் எடுத்துச் செல்வதையும் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு விளக்கமே மத உரிமையாக ஏற்றுக்கொண்டிருக்கிறது, நல்லது, ஏற்கத்தான் வேண்டும். ஜம்முவின் மலைக் கிராமங்களில் 1995இல் அரசே கிராமப் பாதுகாப்புக் குழுக்கள் அமைத்து .303 ரைபிள்களைக் கையில் கொடுத்தது. பயிர்க் காவலுக்கு என்று நிலம் உள்ளவர்கள் வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி தொங்குவது எந்த மாவட்டத்துக்கும் புதுசில்லை. குடிமக்கள் கையில் ஆயுதம் இருப்பது அரசுக்குப் பிரச்சினையே கிடையாது. எந்தத் தெருக்காரன் கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

கத்திக்கும் இதே கதைதான். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம், அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள வெட்டுக் கருவிகளை ஆயுத விதிகளின் பட்டியல் ஆயுதமாகக் கணக்கிடுகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆக கருக்கருவா சட்டப்படி கருவிதான். ஆனால் அறுப்பு முடிந்து அதே அருவாளோடு திரும்புகிற கூலிக்காரன் வாகனச் சோதனையில் நின்றால், அது கருவியா ‘பயங்கர ஆயுத’மா என்று முடிவு செய்வது அங்குலக் கணக்கு இல்லை. முகவரியைக் கேட்பார்கள். காலனி பேரைச் சொன்னதும் அளவெடுக்காமலே அது ஆயுதமாகிவிடும்.

அதனால்தான் பைக் சீட்டுக்கு அடியில், பின்கழுத்துச் சட்டைக்குள், பனியனுக்கு உள்ளே என்று ‘எங்கே ஒளிப்பது’ என்கிற பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. பின்கழுத்திலிருந்து அருவாளை உருவுவது யாருடைய அழகியல்? சாதிப் பெருமிதச் சினிமா நமக்குக் கற்றுக்கொடுத்தது அது. அவர்களுடைய மீசையையும் அருவாளையும் கடன் வாங்கிக்கொண்டு அவர்களை எதிர்க்க முடியாது. தவிர, ஒளித்து வைத்த கத்தியின் முதல் பலன் என்ன? வம்புக்கு வருகிறவனுக்கு அது தெரியாது, அதனால் பயப்படவும் மாட்டான். போலீசுக்கு மட்டும் தெரியும். ஒரு வழக்கு, அடுத்து நன்னடத்தைப் பிணை, சரித்திரப் பதிவேட்டில் பேர், கடைசியில் 1982ஆம் வருடத்துக் குண்டர் சட்டம். ஓராண்டு வரை விசாரணையில்லாமல் உள்ளே வைக்க அதில் வழி இருக்கிறது. டிகிரி முடித்து குரூப் ஃபோர் எழுதலாம் என்றிருந்தவன் ஒரு கத்தியால் ‘ரௌடி’ ஆகிறான். எதிராளி ஒரு அடிகூட அடிக்காமலே ஜெயித்துவிடுகிறான்.

வெளிப்படையாக எடுத்துப் போவது என்பதற்கு வரலாறு உண்டு. நம் இயக்கம் பெயரை வாங்கிய இடத்திலேயே உண்டு. 1966 அக்டோபரில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஹியூ நியூட்டனும் பாபி சீலும் கருஞ்சிறுத்தைக் கட்சியைத் தொடங்கினார்கள். அன்றைய கலிஃபோர்னியா சட்டப்படி துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லத்தான் உரிமம் வேண்டும். எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எடுத்துச் செல்லத் தடையில்லை. அந்தச் சந்தைப் பிடித்தார்கள். கறுப்பர் குடியிருப்பில் போலீஸ் கார் யாரையாவது நிறுத்தினால், சட்டம் சொல்கிற தூரத்தில், ஒரு கையில் துப்பாக்கியும் இன்னொரு கையில் சட்டப் புத்தகமுமாக நின்று பார்த்தார்கள். பிடிபட்டவனுக்கு அவன் உரிமைகளை உரக்கப் படித்துச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தைத் திருத்த மல்ஃபோர்டு என்கிற உறுப்பினர் மசோதா கொண்டுவந்தார். அதை எதிர்த்து 1967 மே 2ஆம் தேதி சக்ரமென்டோ சட்டமன்றத்துக்கே துப்பாக்கிகளோடு போனார்கள். அதே வருடம் சட்டம் மாறியது. கையெழுத்துப் போட்ட கவர்னர் ரொனால்டு ரீகன். வெள்ளைக்காரன் தோளில் தொங்கியவரை அது சுதந்திரம். கறுப்பன் தோளுக்கு வந்ததும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை.

இதற்குப் பத்து வருடம் முன்னால் மார்ட்டின் லூதர் கிங்கே விண்ணப்பித்திருக்கிறார் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1956 ஜனவரியில் மாண்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே. கிங் துப்பாக்கி எடுத்துச் செல்ல உரிமம் கேட்டார்; மறுத்துவிட்டார்கள். ‘உரிய காரணம்’ இருக்கிறதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதிகாரியிடம் இருந்தது. குண்டு வெடித்த வீடு அவருக்கு உரிய காரணமாகப் படவில்லை.

பம்பாயில் 1972இல் தலித் பேந்தர்கள் கிளம்பியபோது சிறுத்தை என்கிற பெயர்தான் வந்தது, துப்பாக்கி வரவில்லை. இது பயத்தால் நடந்ததல்ல. நம் மரபில் வேறு ஒரு ஒழுங்கு இருக்கிறது. 1927 மார்ச் 20ஆம் தேதி மகாதில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரைத் தொட்ட பிறகு, கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பி, ஊர் திரும்பிக்கொண்டிருந்த பிரதிநிதிகளைத் தடியால் அடித்து நொறுக்கினார்கள். அம்பேத்கரோடு வந்தவர்களில் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. அடிக்கத் தெரியாதவர்கள் அல்ல. ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, வழக்குப் போட்டார். தாக்கியவர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள். இதை வைத்து அவரைச் சாதுவாக ஆக்கிவிடாதீர்கள். சமதா சைனிக் தளத்தைக் கட்டியவரும் அவர்தான்: சீருடை, அணிவகுப்பு, பகலில் எல்லோரும் பார்க்க நடக்கிற தொண்டர் படை. ஒளிவு மறைவு அதில் இல்லை.

ஆயுதத்தால் ஆகாத இடங்களையும் பேச வேண்டும். கரணையைச் சொல்கிறேன். அப்போது காஞ்சிபுரமும் அதுவும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தன. 1892இல் வெள்ளைக்கார அரசு ஆணை போட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டவர்கள் மேல் 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் இடுப்பில் எதைச் சொருகியிருந்தால் உயிரோடு திரும்பியிருப்பார்கள்? எதைச் சொருகியிருந்தாலும், ‘ஆயுதம் தாங்கிய கும்பல்’ என்று எழுத அரசுக்கு வசதியாகத்தான் ஆகியிருக்கும். 1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவு முருகேசனும் தோழர்களும் கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களை வழிமறித்து வெட்டியது ஒரு கும்பல். ஆறு பேர் செத்தார்கள். கும்பலுக்கு எதிரே ஒரு கத்தி என்ன செய்யும்? அந்த பஸ்ஸில் இருந்திருக்க வேண்டியது போலீஸ் பாதுகாப்பு. மிரட்டல் இருந்தது ஊருக்கே தெரியும், அரசுக்கும் தெரியும்.

சரி, வழி என்ன என்று கேட்பீர்கள். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதற்கு 1995இல் போட்ட விதிகளை, முக்கியமாக மூன்றாவது விதியை, எத்தனை பேர் படித்திருக்கிறோம்? வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதிகளை அரசு முன்கூட்டியே அடையாளம் காண வேண்டும் என்கிறது அது. தேவைப்பட்டால் அந்தப் பகுதியில் தலித், பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, அந்த ஆயுதங்களை அரசு கிடங்கில் ஒப்படைக்க வைக்கலாம். கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதோடு நிற்கவில்லை. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாகத் தேவையென்றால் தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஆயுத உரிமம் வழங்க வேண்டும் என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. எந்தத் தீவிரவாதியும் துண்டறிக்கையில் எழுதியதில்லை இது. அரசிதழில் அச்சானது.

ஆயுதச் சட்டம் 1959இன் பதினான்காம் பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். போதிய சொத்து இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக உரிமம் மறுக்கக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்று சொல்லித் தப்பிக்கிற சந்தர்ப்பம் தவிர, கேட்டால் கொடுக்கவும் வேண்டும். மேல்முறையீடும் உண்டு. நிலமில்லாத கூலிக்காரனும் விண்ணப்பிக்கலாம் என்றுதான் இதற்கு அர்த்தம். உரிமம் வந்தாலும் இடுப்பில் ஆட்டிக்கொண்டு திரிய முடியாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள்படி பொது இடத்தில் துப்பாக்கி அதற்கென்று உள்ள உறையில், முழுக்க மூடியபடி, வைத்திருப்பவன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தூக்கிக் காட்டி மிரட்டத் தடை. பயிற்சிச் சான்றும் வேண்டும். இந்த ஒழுங்கு நமக்கு நல்லதுதான்.

ஆனால் நமக்குத் துப்பாக்கி வேண்டும் என்பதைவிட, அவர்களுடையது கிடங்குக்குப் போக வேண்டும் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். காரணம் பெண்கள் சொன்னது. “ராத்திரி குடிச்சிட்டு வர்றவன் கையில அது இருந்தா, ஊர்க்காரன் வர்றதுக்கு முன்னாடி நான்தானே செத்திருப்பேன்” என்று ஒரு கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். ஆண் தோழர்கள் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை அது. சேரி வீட்டில் பூட்டி வைக்க ஒரு பீரோகூட இல்லாத குடும்பங்கள் எத்தனை? அதனால் உரிமம் கேட்பது யார் என்பதைக் காலனிக் கூட்டத்தில், பெண்கள் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். குடிப்பவன் பேர் பட்டியலில் வரவே கூடாது.

அதுவரைக்கும் ராத்திரிப் பாதையில் என்ன செய்வது? கம்பு எடுத்துப் போங்கள். மாட்டுக்காரனும் வாட்ச்மேனும் வைத்திருக்கிற சாதாரணக் கம்பு. கண்ணுக்குத் தெரிகிற பொருள், உரிமம் கேட்காத பொருள். சிலம்பம் தெரிந்த பெரியவர் காலனியில் இருந்தால் பிள்ளைகளை அனுப்புங்கள், பெண்பிள்ளைகளை முதலில். மிளகு ஸ்பிரே கடையிலேயே விற்கிறது, உரிமம் வேண்டாம். ஆனால் டிபன் பாக்சுக்கும் குடைக்கும் கீழே பைக்குள் கிடந்தால் அது இருந்தும் இல்லாததுதான். இருட்டுப் பாதை தொடங்கும்போதே கைக்கு வந்துவிட வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும், நம் கண்ணிலேயே திரும்பும். டார்ச்சும் விசிலும் வேண்டும். ஒரே ஷிப்ட் முடிகிறவர்கள் சேர்ந்து நடக்க வேண்டும். இதைச் சொன்னால் கொஞ்சம் பேருக்கு வீரம் குறைவாகப் படும். படட்டும்.

கைகலப்பே வந்துவிட்டால் சட்டம் நம் பக்கம் எவ்வளவு தூரம் வரும்? இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை வந்திருக்கின்றன. உயிர் போகும், கொடுங்காயம் படும், பாலியல் வன்முறை நடக்கும் என்கிற நியாயமான அச்சம் இருந்தால் தாக்குகிறவன் உயிர் போகும் அளவுக்கும் அந்த உரிமை நீள்கிறது. கோழையைப் போல் ஓட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று 2010இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் அடிக்கக் கூடாது. விழுந்தவனை, ஓடுகிறவனை அடித்தால் அது தற்காப்பு இல்லை. போலீசை நாட நேரம் இருந்தால் உரிமையே கிடையாது என்கிறது 37ஆவது பிரிவு. நம் ஆட்களை மாட்டவைக்க வசதியான இடம் இது. “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்பார்கள், நாம் சொன்னபோது கேட்காதவர்களே. ஆகவே மிரட்டல் வந்த நொடியில் 112க்குப் போன் போடுங்கள். வருவார்களோ மாட்டார்களோ, அழைத்த நேரம் பதிவில் நிற்கும். பின்னால் வழக்கில் அந்தப் பதிவு கத்தியைவிட உபயோகப்படும்.

இப்போது மனுவுக்கு வருவோம். தனி ஆளாகக் கொடுக்காதீர்கள். ஒரு காலனியிலிருந்து இருபது முப்பது பேர், காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் சேர்ந்து கொடுங்கள். தேதி வாரியாக நடந்த மிரட்டல்களையும், போலீஸில் கொடுத்த புகார்களின் ரசீது எண்களையும், எஃப்.ஐ.ஆர். போட மறுத்திருந்தால் அதையும் எழுதுங்கள். விதி மூன்றின்படி எங்கள் பகுதியை வன்கொடுமை நிகழக்கூடிய பகுதியாக அறிவி, எதிர்த்தரப்பின் உரிமங்களை ரத்து செய், எங்கள் உரிம விண்ணப்பங்களைப் பரிசீலி என்று, இதே வரிசையில், மூன்றையும் கேளுங்கள். ஆயுத உரிமத்துக்கு ஏ-1 படிவம் தனியாக உண்டு. அதையும் நிரப்பிக் கூட வையுங்கள், இல்லாவிட்டால் ‘முறையான விண்ணப்பம் இல்லை’ என்று தள்ளிவிடுவார்கள். மனுவை வாங்கிக்கொண்டதற்கு ரசீது இல்லாமல் படியிறங்காதீர்கள். மறுப்பு வந்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கி, நாலு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வக்கீலிடமும் ஒன்றைச் சங்கத்திலும் வையுங்கள். உங்களைக் காக்க நாங்கள் இருக்கிறோம், உங்களுக்கு ஆயுதம் தேவையில்லை என்று கலெக்டர் கையெழுத்தோடு ஒரு காகிதம் இருந்தால், நாளைக்கு காலனிக்குள் தீ வைக்கப்படும்போது அரசு என்ன பதில் சொல்லும் என்று நீதிமன்றத்தில் கேட்க நம் கையில் ஒன்று இருக்கும்.