பள்ளி இதழின் பின்பக்கங்கள்



விளையாட்டு முடிவுகளும் முன்னாள் மாணவர் புகழ்ச்சியும் தவிரப் பழைய பள்ளி இதழ்களில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் உயர்நிலைப் பள்ளியின் இதழ்களைக் கவனிக்க வேண்டும். 1917இல் அங்கே படிப்பை முடித்த எர்னஸ்ட் ஹெமிங்வே, ‘டிராப்பீஸ்’ என்ற மாணவர் பத்திரிகையில் எழுத்தாளர் ரிங் லார்ட்னரின் நையாண்டி நடையைப் பின்பற்றி எழுதினார். ‘டாபுலா’ என்ற இதழில் 1916இலேயே அவருடைய சிறுகதைகள் வந்துவிட்டன. கல்லூரிக்கே போகாத அவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது பிறகு வேலை பார்த்த கான்சாஸ் சிட்டி பத்திரிகை அலுவலகம் என்பார்கள். அது பாதிக் கதைதான்.

முன்னாள் மாணவர் செய்திகளில் மிகை உண்டு என்ற மறுப்பு நியாயமானதே. செஞ்சிலுவைச் சங்க ஆம்புலன்ஸ் ஓட்டுநராக இத்தாலிக்குப் போன ஹெமிங்வே, 1918 ஜூலையில் காயம்பட்டபோது போர்முனை வீரர்களுக்குச் சாக்லேட், சிகரெட் வழங்கிக்கொண்டிருந்தார். 1919 மார்ச்சில் அவர் பழைய பள்ளிக்கு வந்து பேசியதை ‘டிராப்பீஸ்’ வெளியிட்டது. அதில் தெரிபவர் முழுப் போர்வீரர். அதற்காக அந்தச் செய்தியைத் தள்ளிவிட முடியுமா? காயத்தின் விவரம் மருத்துவமனை ஏட்டில் கிடைக்கும். போரிலிருந்து திரும்பியவரிடம் ஊர் எதைக் கேட்க ஆசைப்பட்டது என்பது பள்ளி இதழில்தான் கிடைக்கும்.

புகழ்பெற்றவர் ஒருவர் படித்ததால்தானே இந்த மதிப்பு என்றும் கேட்கலாம். ஹெமிங்வேயைப் பற்றி எழுத வேறு நூறு ஆவணங்கள் உண்டு. அவரோடு படித்து, கடை வைத்தவர்களும் ஆசிரியர் வேலைக்குப் போனவர்களும் அச்சில் வந்த இடம் பெரும்பாலும் இந்தப் பின்பக்கங்கள் மட்டுமே.

– வாசகர், மதுரை