கப்பல் மணியின் அகவை

திருநீர்மலையிலுள்ள நம் இல்லத்திற்கு மாணவர் ஒருவர் செப்புக்காசு ஒன்றைக் கொணர்ந்தார். கோவளம் கடற்கரையில் கிடைத்ததாம். புளியிட்டுத் தேய்த்திருந்தார்; அது செய்யத்தகாதது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரையும் 1790 என்ற ஆண்டும் அதில் தெரிந்தன. “இது கடலில் விழுந்ததும் அவ்வாண்டில்தானா, ஐயா?” என வினவினார். அவ்வாறு கொள்ளுதற்கில்லை. 1799இல் அக்கம்பெனி மறைந்த பின்னரும் அதன் காசுகள் நெடுநாள் கைமாறின. வார்த்த காலம் வேறு, கரைசேர்ந்த காலம் வேறு.

இவ்வேறுபாட்டை மறந்தே நம்மவர் பலர் நியூசிலாந்தின் ‘தமிழ் மணி’யைப் பற்றிப் பேசுகின்றனர். 1836 அளவில் பாதிரியார் வில்லியம் கொலென்சோ, மாவோரிப் பெண்டிர் அவ்வெண்கல மணியில் கிழங்கு அவித்தலைக் கண்டார். புயலில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததென்று அவர்கள் கூறினராம். இன்று அது வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. முகைதீன் பக்சு என்பாரின் கப்பல் மணி எனத் தமிழெழுத்தால் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் முசுலிம் ஒருவரின் பெயர் அத்துணைத் தொலைவில் ஒலிப்பது நமக்கும் பெருமையே.

ஆயினும், எழுத்து வடிவங்களைச் சுட்டி அம்மணி 500 ஆண்டுப் பழமையதென மேடைதோறும் முழங்குவதை நாம் ஏற்கவியலாது. 19ஆம் நூற்றாண்டு ஓலைகளிலும் புள்ளியின்றி எழுதினர். ஆகலின் புள்ளியின்மை ஒன்றே பழமைக்குச் சான்றாகாது. மணி பழையதேயெனினும், தமிழ்க் கப்பல் அங்குச் சென்றதென்பது அதனால் நிறுவப்படாது. பிறர் கப்பலிலும் அது சென்றிருக்கலாம். குக் அத்தீவுகளை அடைந்தது 1769இல். அதன்பின் ஐரோப்பியக் கப்பல்கள் பல சென்றன.

நம் பகுதிக்கு அண்டையிலுள்ள பல்லாவரத்தில் 1863இல் இராபர்ட் புரூசு பூட் கண்ட கற்கருவியில் எழுத்தில்லை. வடிவம் கொண்டே அதன் தொன்மை உணரப்பட்டது. மணியிலோ எழுத்து உண்டு. ஆண்டு குறித்த பிற எழுத்துகளோடு அதனை ஒப்பிடல் வேண்டும். அத்தகையன எங்கே? காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் ஆகிய ஊர்களின் பழங்குடும்பப் பெட்டிகளில் கிரயச் சீட்டுகளும் கப்பற் கணக்குகளும் இருத்தல் கூடும். அவற்றைக் கறையானுக்கு விட்டுவிட்டு மணியின் அகவையைப் பேசுதல் எங்ஙனம் பொருந்தும்? சமுதாயப் பெரியோர் அவற்றைத் தந்தால், படியெடுத்து, மூலத்தைப் பழுதின்றித் திருப்பித் தர நம் தமிழ்த்துறை மாணவரே போதும்.