இயலைப் படித்துக் கொடுங்கள்

ஆய்வேடு தாமதமானால் மாணவரைக் குறை சொல்வது நமக்குப் பழகிவிட்டது. "எழுதவே உட்காருவதில்லை", "நூலகப் பக்கம் தலைகாட்டுவதில்லை" என்று துறை அறைகளில் பேசிக்கொள்கிறோம். எழுதிக் கொடுத்த இயல் நெறியாளர் மேசையில் எத்தனை மாதம் கிடந்தது என்ற பேச்சு மட்டும் எழுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். யு.ஜி.சி.யின் இளநிலை ஆய்வாளர் (ஜே.ஆர்.எஃப்.) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டு கழித்து முதுநிலை ஆய்வாளர் (எஸ்.ஆர்.எஃப்.) ஆனால் 42,000. இரண்டும் சேர்த்து ஐந்தாண்டு. ஆய்வை முடிக்க 2022ஆம் ஆண்டின் முனைவர் பட்ட விதிமுறைகள் தரும் காலமோ ஆறாண்டு. பணம் நின்ற பிறகும் ஓராண்டு மிச்சம் இருக்கிறது. பலர் ஆய்வேட்டை எழுதி முடிப்பது அந்த ஆண்டில்தான். சுயநிதிக் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போவதும் அப்போதுதான். உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவருக்கு முதல் மாதத்திலிருந்தே இந்தப் பாடு.

கிடைக்கும் தொகையும் தானாக வருவதில்லை. கனரா வங்கியின் இணையத்தளத்தில் பல்கலைக்கழகம் மாதந்தோறும் உறுதிசெய்தாக வேண்டும். வருகைச் சான்றில் நெறியாளர் கையெழுத்து தள்ளிப்போனால் பணமும் தள்ளிப்போகும். விடுதி மெஸ் கட்டணம் தள்ளிப்போகாது.

நெதர்லாந்தில் முனைவர் பட்ட ஆய்வாளர் பலர் நான்காண்டு ஒப்பந்தத்தில் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஊழியர்கள். ஒப்பந்தம் முடியும் தேதி மாணவருக்கும் தெரியும், நெறியாளருக்கும் தெரியும். அந்த ஏற்பாட்டை நாம் நினைத்த மாத்திரத்தில் இங்கே கொண்டுவர முடியாது. ஆனால் தேதி வைத்து வேலை பார்க்க அரசாணை எதுவும் தேவையில்லை.

இயல் கைக்கு வந்த அன்றே, திருப்பித் தரும் தேதியைச் சொல்லிவிடுங்கள். அது ஒரு மாதத்தைத் தாண்ட வேண்டாம். ஓரத்தில் "இன்னும் ஆழம் தேவை" என்று எழுதிக் கொடுத்தால் மாணவர் எங்கே போய்த் தோண்டுவார்? எந்தக் கல்வெட்டு விடுபட்டது, எந்தப் பதிப்பின் பாடத்தோடு ஒப்பிட வேண்டும் என்று எழுதுங்கள். மறுநாளே வேலை தொடங்கிவிடும். பருவந்தோறும் கூட வேண்டிய ஆய்வு ஆலோசனைக் குழு தேநீரோடும் கையெழுத்தோடும் கலைவதும் நிற்க வேண்டும்.

புறத்தேர்வாளர்களுக்கும் ஒரு சொல். ஆய்வேடு அளித்த நாளிலிருந்து வாய்மொழித் தேர்வு முடிவுவரை எல்லாம் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்கின்றன அதே விதிமுறைகள். ஒரே ஒரு மதிப்பீட்டு அறிக்கை வராவிட்டாலும் வாய்மொழித் தேர்வு நடக்காது. அதற்குள் உதவிப் பேராசிரியர் பணிக்கோ, வெளிநாட்டில் மேலாய்வுக்கோ விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துவிடும். நேரம் இல்லையென்றால் அழைப்பு வந்த வாரமே மறுத்துவிடுங்கள். ஆய்வேடு வேறொருவரிடம் போகட்டும். ஒப்புக்கொண்டுவிட்டால், இந்த மாதமே படித்து அனுப்புங்கள்.