பந்தலூர் மழைக்கு ஒரு பதிவேடு

வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் 2024 ஜூலை 30ஆம் தேதி விடியுமுன் மண்சரிவு விழுங்கியது. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பல உடல்கள் சாலியாற்றோடு போய் நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கின. அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அங்கே 572 மில்லிமீட்டர் மழை பெய்திருந்ததாகக் கேரள முதல்வர் பிறகு சொன்னார். கல்பெட்டாவில் இருக்கும் ஹியூம் சூழலியல் மையம், சரிவுக்குச் சுமார் 16 மணி நேரம் முன்பே மாவட்ட நிர்வாகத்தை எச்சரித்திருந்தது. அந்த மையத்திடம் செயற்கைக்கோள் எதுவும் கிடையாது. மாவட்டம் முழுக்க 200க்கும் மேற்பட்ட இடங்களில் மழைமானி வைத்து, அந்தந்த ஊர்க்காரர்கள் அளந்து அனுப்பும் கணக்குதான் அதன் பலம். வயநாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது நீலகிரி மாவட்டத்தின் நம் பந்தலூர் வட்டம். சேரம்பாடிக்கும் மேப்பாடிக்கும் நடுவே மாநில எல்லை உண்டு. மேகத்துக்கு அது தெரியாது. பந்தலூர் வட்டத்துக்கும் அப்படி ஒரு மழைக் கணக்கு வேண்டும். அதை எழுத ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. நம் பள்ளி, கல்லூரி மாணவர்கள் 'சுற்றுச்சூழல் ஆய்வு' என்ற பெயரில் இப்போது செய்துகொண்டிருப்பதைக் கொஞ்சம் திருத்தினால் போதும்.

பந்தலூரில் பெய்வது ஒரே மழை அல்ல. தமிழகத்தில் தென்மேற்குப் பருவமழை அதிகம் பெய்யும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. இந்த வட்டத்தின் ஒரு சரிவில் விழும் நீர் சாலியாறாகி அரபிக்கடலுக்குப் போகிறது. பாட்டவயல் பக்கம் விழுவது நூல்புழா, கபினி வழியாகக் காவிரிக்குப் போகிறது. ஒரு மேட்டைத் தாண்டினால் மழையின் அளவும் மாறும், நீர் போகும் கடலும் மாறும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவாகி நாடே பேசியது. அன்று மாலைதான் வயநாட்டின் புத்துமலையில் சரிவு 17 பேரைக் கொண்டுபோனது. மாவட்டச் சராசரி என்ற எண்ணை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு குடும்பத்தைக்கூட வீட்டைவிட்டு வெளியேற்ற முடியாது. எஸ்டேட் ஆபீஸ்களில் மழைக்கணக்கு எழுதும் வழக்கம் வெள்ளைக்காரத் துரைகள் காலத்திலிருந்தே உண்டு. ஆனால் அது கொழுந்துக்காக எழுதிய கணக்கு. மண் மேட்டுக்கு அடியில் இருக்கும் லைன் வீட்டுக்காரர்களுக்காக அதை யாரும் எழுதவில்லை.

மாணவர் ஆய்வுக்கு நம்மிடம் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினையை எடுத்து ஆராய வேண்டும் என்று சொல்லும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993இல் தொடங்கியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, 2003இல் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை மாணவருக்கும் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அந்தப் பாடத்திட்டம் 100 மதிப்பெண்ணில் 25ஐக் களப்பணிக்கே ஒதுக்கியது. நல்ல யோசனை. நடைமுறையில் அந்த 25 மதிப்பெண் பெரும்பாலும் ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு கட்டுரையாகவும், பள்ளியில் என்றால் தெர்மாகோல் மாதிரியாகவும் சுருங்கிவிட்டது. (சூழலைக் காப்பது பற்றிய மாதிரியைத் தெர்மாகோலில் செய்வதை ஒருநாள் யாராவது நிறுத்தினால் நல்லது.) இதைவிடப் பெரிய குறை, ஒவ்வோர் ஆண்டும் ஆய்வு பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. பரிசு வாங்கியதும் ஏடு அலமாரிக்குப் போகிறது. அடுத்த ஆண்டு வேறு பிள்ளைகள், வேறு தலைப்பு. மழை, ஓடை, யானை வழி எல்லாமே பத்து ஆண்டு எழுதி வைத்தால்தான் பேசத் தொடங்கும். தலைப்பை மாற்றாமல் பழைய பதிவேட்டையே அடுத்த வகுப்பிடம் ஒப்படைக்கும் பள்ளிக்கு நான் முதல் பரிசு கொடுப்பேன்.

இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நேரான பக்கமுள்ள ஒரு பாட்டிலின் தலையை வெட்டி, புனல்போலக் கவிழ்த்து, அடியில் சிமெண்ட் ஊற்றிச் சமப்படுத்தி, ஓரத்தில் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால், நாடுகாணிச் சோதனைச் சாவடியில் பிடுங்கி வைத்திருப்பதில் நாலைக் கேட்டு வாங்கலாம். வானிலைத் துறை அளக்கும் அதே காலை 8.30 மணிக்குத்தான் அளக்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு: பந்தலூர் மழைக்கு இந்தப் பாட்டில் ஒரே நாளில் நிரம்பி வழிந்துவிடும். அதனால் கனமழை நாளில் மாலையிலும் ஒருமுறை பார்த்து, எழுதி, கொட்டிவிட வேண்டும். எந்த நேரத்தில் கொட்டினோம் என்று குறிக்கும் பழக்கத்தில்தான் ஒரு பிள்ளை ஆய்வாளராகிறது. இதே அளவை வைத்துக்கொண்டு மாணவர்களைத் தங்கள் வளாகத்தையும் பார்க்கச் சொல்லலாம். தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றால் கல்லூரிகள் எல்.இ.டி. பல்புகளை எண்ணி, மரக்கன்று நட்டுப் படம் எடுத்து, 'பசுமைத் தணிக்கை' கோப்பை முடித்துவிடுகின்றன. 500 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 200 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர், ஏறக்குறைய எட்டு டேங்கர் லாரி. அது எந்தக் குழாய் வழியாக, எந்தச் சரிவின் தலையில், யார் வீட்டுக்கு மேலே போய் விழுகிறது? மலை வளாகத்தின் பசுமைத் தணிக்கை இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும்.

பிள்ளைகள் எழுதும் கணக்கை நம்ப முடியுமா என்பார்கள். 1997 ஜூலையில் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பெரும் வெள்ளம் வந்தபோது, ஊரின் மேற்கே 14 அங்குலத்துக்கு மேல் மழை. கிழக்கே 2 அங்குலம்கூட இல்லை. மறு ஆண்டே அங்கே பொதுமக்கள் மழை அளக்கும் 'கோகோராஸ்' வலையமைப்பு தொடங்கியது; ஆரம்ப நாள்களில் அதற்கு உதவியவர்களில் பள்ளி மாணவர்களும் உண்டு. இன்று அந்நாட்டு வானிலைத் துறை அந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறது. ஒரு பிள்ளை தப்பாக எழுதினால், பக்கத்து மூன்று ஊர்களின் எண்கள் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அரசின் தானியங்கி மழைமானிகள் இருக்கின்றனவே என்பது அடுத்த வாதம். இருக்கட்டும்; அவை நிற்கும் இடங்களுக்கு நடுவே எத்தனை பள்ளத்தாக்குகள் என்று பாருங்கள். உண்மையாகவே கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: பாதுகாப்பு. பந்தலூர் அருகே 2024 ஜனவரியில் சிறுத்தை மூன்று வயதுக் குழந்தையைக் கொன்றது. வீட்டுச் சுவரை உடைத்து அரிசி தின்ற மக்னா (தந்தமில்லாத ஆண்) யானையை 2022 டிசம்பரில் பிடித்தார்கள். இங்கே களப்பணி என்று பிள்ளைகளைக் காட்டோரம் அனுப்பச் சொல்பவர் பந்தலூரை அறியாதவர். மழைமானி பள்ளி முற்றத்தில் இருக்கும். வீட்டு வாசலில் இருக்கும். கனமழைக்கு ஆட்சியர் விடுமுறை விடும் நாளில் பள்ளியில் அளக்க ஆள் இருக்காது. ஆனால் அதே பிள்ளைகள் கொளப்பள்ளியிலும் அய்யன்கொல்லியிலும் எருமாட்டிலும் தங்கள் வீடுகளில்தான் இருப்பார்கள். மிக அவசியமான நாளில் கணக்கு தானாகவே ஊரெங்கும் பரவிவிடுகிறது.

ஆசிரியர்களுக்கு இன்னொரு சுமையா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஏற்கெனவே இருக்கும் களப்பணி மதிப்பெண்ணை இதற்குக் கொடுத்து, பழைய கட்டுரையை விட்டுவிட்டால் சுமை கூடாது. கூடலூர் அரசு கலைக் கல்லூரியோ, தாளூரில் உள்ள நீலகிரி கல்லூரியோ பள்ளிகளின் எண்களைத் தொகுக்கும் வேலையை ஏற்கலாம். ஆனால் வயநாட்டில் எச்சரிக்கை இருந்தும் இத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்பதை மறக்கக் கூடாது. அளக்க ஆள் இருந்தால் மட்டும் போதாது. படிக்கவும் ஆள் வேண்டும். ஆகவே கூடலூர் கோட்டாட்சியர் அலுவலகம் இந்த எண்களைத் தினமும் வாங்கிப் பார்க்க ஒரு அலுவலரைப் பெயர் சொல்லி நியமிக்கட்டும்; இரண்டு நாளில் எத்தனை மில்லிமீட்டர் ஆனால் எந்தக் குடியிருப்பைக் காலி செய்வது என்பதை மழைக்கு முன்பே எழுதி, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் வருகிறது. பள்ளிகள் திறப்பதும் அதை ஒட்டித்தான்.