பொம்மை ரயிலும் நிஜ ஷாக்கும்

சாரல் காலத்தில் பண்பொழிக்குப் போனால் திருமலைக் குமரனைத் தரிசித்து, குற்றாலத்தில் இரண்டு குளியல் போட்டுவிட்டுத் திரும்புவதுதான் என் வழக்கம். இந்தத் தடவை வாய்த்ததோ ரயில் ரிப்பேர்!

அண்ணன் மகனுக்கு வயது 12. அவனுடைய மாமா ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய மின்சார ரயில் கூடம் முழுவதும் விரிந்து கிடந்தது. அட்டையில் பதின்மூன்று கண் பாலம்கூடக் கட்டியிருந்தான். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் கழுதுருட்டி அருகே இருக்கிறதே, அதேதான். 1904-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. அகலப்பாதை போட 2010-இல் நிறுத்தி, 2018-இல் மறுபடி திறந்தார்கள்.

"அத்தை, பாலத்துக்கிட்ட வந்ததும் எஞ்சின் தவங்குது. அந்தக் கோடியில இன்னொரு டிரான்ஸ்பார்மரையும் மாட்டிட்டேன்" என்றான்.

அந்த இரண்டாவது பெட்டியின் பிளக் எதிலும் சொருகாமல், ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தின் பக்கத்தில், ஈரத் தரையில் கிடந்தது. எடுக்கக் குனிந்தேன். விசிறி மாட்ட வந்திருந்த எலக்ட்ரீஷியன், "தொடாதீங்கம்மா!" என்று போட்ட கூச்சலில் ஆச்சி பாக்கை விழுங்கிவிட்டாள். அவர் மீட்டரின் இரு முனைகளையும் பிளக்கின் இரு கால்களில் வைத்தார். முள் 200-ஐ நெருங்கி நின்றது!

சொருகாத பிளக்கில் மின்சாரம் எப்படி வந்தது என்கிறீர்களா? டிரான்ஸ்பார்மர் மாடிப்படி மாதிரி. இறங்கவும் ஆகும், ஏறவும் ஆகும். முதல் பெட்டி நம் வீட்டு 230 வோல்ட்டை 16-ஆகக் குறைத்துத் தண்டவாளத்தில் விடுகிறது. அந்த 16 வோல்ட் இரண்டாவது பெட்டிக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து, பழையபடி பெரிய வோல்ட்டாக ஏறிப் பிளக்கின் கால்களில் வந்து நிற்கிறது. தண்டவாளத்தைத் தொட்டால் ஒன்றும் செய்யாத மின்சாரம், அங்கே ஆளையே கொல்லும். பழைய செட்டுகள் பலவற்றில் இப்படி மாறுமின்சாரம்தான். இப்போது விற்பவை பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரம். எதுவானாலும், ஒரே தண்டவாளத்துக்கு இரண்டு பெட்டி கூடவே கூடாது.

அமெரிக்காவிலிருந்து வந்த செட்டா? பெட்டியின் அடியில் 120 என்று மட்டும் எழுதியிருந்தால், நம் சுவரில் சொருகாதீர்கள், புகைந்துவிடும். பெட்டி லேசாகச் சூடாவது சகஜம். கருகல் வாடை வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். அதைத் திறந்து பார்ப்பது மட்டும் நம் வேலையல்ல.

எஞ்சினைத் திறக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகு. அன்று நாங்கள் திறந்தோம். சக்கர அச்சில் சுற்றியிருந்தது என்ன தெரியுமா? என் மதினியின் தலைமுடி! குண்டூசியால் எடுத்தோம். தண்டவாளத்தில் கறுப்பாய் அழுக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, அதில் அழுக்கு இன்னும் சேரும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, அது நன்றாக உலர்ந்த பிறகுதான் மின்சாரம் விட வேண்டும். மோட்டாரில் கார்பன் பிரஷ் என்று இரண்டு சிறு துண்டுகள் உண்டு. அவை தேய்ந்து கட்டையாகியிருந்தால் மாற்ற வேண்டும். இதில் நன்றாகவே இருந்தன. அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஊசி முனையில் ஒரே சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்துவிடும்.

சாயங்காலம் ஒரே பெட்டியில், பதின்மூன்று கண்ணையும் ஒரே மூச்சில் தாண்டியது ரயில். ஆச்சி காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டு, "ஏல, இது புனலூருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்டாள்.